ஒரு நாளைக்கு ஆறு ஆல்பம்

முன்பின் கேட்டிராத பாட்டுகளை ஒரு நாளைக்கு ஆறு ஆல்பம் வீதம் கேட்டு, அதில் என்ன இருக்கிறது என்று எழுதித் தருவதுதான் என் தொழில். செல்போனில் பாட்டு ஆப் வைத்திருப்பவர்கள் ‘சமைக்கும்போது கேட்க’, ‘மழைக்குக் கேட்க’ என்றெல்லாம் பட்டியல் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர்களில் ஒருத்தி ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம், ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிறாள். அது நான். என்ன மொழி, ஆண்குரலா பெண்குரலா, என்னென்ன வாத்தியம், எவ்வளவு வேகம், கேட்டால் என்ன மனநிலை வருகிறது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஃபார்ம் நிரப்ப வேண்டும். தமிழ்ப் பாட்டு எனக்கு வராது, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வருவதெல்லாம் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாத பெயருள்ள ஊர்களிலிருந்து வருபவை.

பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்களே, கஸ்டமர் கேர் பிள்ளைகளே, ஐம்பது குரல் ஒரே நேரத்தில் ‘மிஸ்’ என்று கூப்பிடுவதைத் தாங்கும் டீச்சர்மாரே, அடுத்தவர் சத்தத்தைக் கேட்டே பிழைக்கிற உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். மற்றவர்கள் ‘உனக்கென்ன, பாட்டுக் கேட்கச் சம்பளம்’ என்பார்கள்.

வேறு ஆல்பம்

இந்த வேலைக்கு நான் வந்ததே தப்பாகப் புரிந்துகொண்டுதான். அதற்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஒன்பது வருஷம் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தேன். முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு மதுரைக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் சும்மா இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது: ‘ஆல்பம் வேலைக்கு ஆள் தேவை, ராஜபாளையம்.’ நான் செய்ததிலேயே நன்றாக வந்த கல்யாண ஆல்பம் ஒன்றை, அது ஒரு அம்மிக்கல் கனம் இருக்கும், கட்டைப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாடியில் ஒரு லேப்டாப் மட்டும் இருந்தது. அதற்குள் ஷீலா மேடம் இருந்தார். சென்னையிலிருந்து எங்களையெல்லாம் மேய்ப்பவர் அவர்தான். “உங்களுக்கு மியூசிக் என்ன தெரியும்?” என்று கேட்டார். “மியூசிக் தெரியாது மேடம். மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தா திறந்து வைப்பேன்” என்றேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு விஷயத்தைச் சொன்னார். எனக்கு முகம் எல்லாம் சூடாகிவிட்டது. கட்டைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனவளை நிறுத்தி, “வந்தது வந்துட்டீங்க, இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க” என்று ஒரு பாட்டைப் போட்டார். என்ன கேட்டது என்றார். “ஒரு ஆள் பாடுதாரு. பின்னால கம்பி வாத்தியம். மூணாவது தடவை அதே அடியைப் பாடும்போது மூச்சு வாங்குது. நடுவுல எங்கேயோ ஒரு கதவைச் சாத்துதாங்க” என்றேன். அவர் பாட்டைத் திரும்பப் போட்டுக் காதை ஸ்பீக்கரிடம் கொண்டுபோனார். அப்புறம் நிமிர்ந்து சொன்னார்: “பாட்டு தெரிஞ்சவங்க எட்டுப் பேர் வந்தாங்க. எல்லாரும் நல்ல பாட்டு, மோசமான பாட்டுன்னுதான் சொன்னாங்க. கதவு சாத்துனதை ஒருத்தர்கூடச் சொல்லல.”

ஏட்டய்யா வீடு

என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டு. ஸ்டேஷனில் வருகிறவர்களின் புகாரைக் கேட்டு எழுதுகிற வேலை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வீட்டுக்கு வந்தால் எனக்கு எந்தச் சத்தமும் ஆகாது. மிக்ஸி ஓடக் கூடாது, டிவி பேசக் கூடாது. ஒருநாள் அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, “நாள் பூரா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு, செத்த நேரம் அணைச்சு வையுங்க” என்றேன். அணைத்துவிட்டார்.  பிறகு நிதானமாகச் சொன்னார்: “ஏட்டி, நானும் காலையில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு வார ஆல்பத்துல தாளமும் கிடையாது.”

ஏழாவது பாட்டு

ஆறு மாதம் போனதும் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு வைத்துவிட்டது. ஒரு பாட்டில் முதல் அரை நிமிஷம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் கேட்டாலே ஃபார்மை நிரப்பிவிடலாம் என்று கண்டுபிடித்தேன். மூன்றரை மணிக்கே வேலை முடிந்துவிடும். நாலு மணி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். எனக்கு எதிரே உட்காரும் வேதவல்லி மாமி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாமி ஸ்ரீவில்லிபுத்தூர் சன்னதித் தெருக்காரர். மார்கழியில் விடிகாலையில் கோயிலுக்குப் போய்ப் பாசுரம் சேவித்துவிட்டு, ஒன்பது மணிக்கு எங்கள் மாடியில் ஹெட்போன் மாட்டுவார். எந்தத் தேசத்துப் பாட்டானாலும் பாதியில் நிறுத்த மாட்டார். ஒருத்தர் பாடிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது அபசாரம் என்பார்.

ஒருநாள் ஷீலா மேடம் போன் பண்ணினார். ஒரு பெரியவர் அக்கார்டியன் வாசித்த ஆல்பம் ஒன்றை முந்தின நாள் அனுப்பியிருந்தேன். “அதுல ஏழாவது டிராக் கடைசியில சிரிச்சது யாரு?” என்றார்.  “அந்தப் பெரியவர்தான் மேடம்” என்று அடித்துவிட்டேன். அவர் சரி என்று வைத்துவிட்டார். நான் அந்த டிராக்கை எடுத்துப் போட்டேன். வாசிப்பு முடிகிறது. ஒரு நிமிஷத்துக்குமேல் ஒன்றுமே இல்லை. முடிந்துவிட்டது என்று நான் நிறுத்துகிற இடம் அதுதான். அதற்குப் பிறகு பெரியவர் ஏதோ ஒரு வார்த்தை சொல்கிறார். அதே மெட்டை மறுபடி எடுத்து, ஒரு இடத்தில் வேண்டுமென்றே தப்பாக வாசிக்கிறார். ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கிறது. அவர் மறுபடி அதே தப்பைச் செய்கிறார், குழந்தை மறுபடி சிரிக்கிறது. அந்த ஆல்பத்தையே இந்தச் சிரிப்புக்காகத்தான் பதிவு பண்ணியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. நாலு தடவை கேட்டேன். பிறகு நானே ஷீலா மேடத்தைக் கூப்பிட்டு, பொய் சொன்னதை ஒத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை. “யார் சிரிச்சதுன்னு நான் கேட்டேன். நீங்கதான் கேட்கல” என்றார்.

உருளை

ஒரு வெள்ளிக்கிழமை வந்த ஆல்பத்தில் பாட்டு என்று எதுவும் இல்லை. நாற்பது நிமிஷமும் ஒரே உறுமல். சில பேர் இரைச்சலையே இசையாகச் செய்வார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும், ஆனால் ‘என்னென்ன வாத்தியம்’ என்ற கட்டத்தில் எதை எழுத? எங்களோடு வேலை பார்க்கும் முருகேசன் அண்ணாச்சி ஜெனரேட்டர் என்றார். மாமி ரொம்ப நேரம் யோசித்து, தேர் திரும்புகிற சத்தமாக இருக்கலாம் என்றார். அப்போது லட்சுமி கூட்டிப் பெருக்க வந்தார். இங்கே வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் இந்த ஊர் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், மிஷின் பக்கத்தில் சைகை என்று மூன்று பாஷைக்காரர். ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டேன்.

துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். “இது நூல் மிஷின் இல்லம்மா. இது பெரிய உருளை. ரெண்டு உருளை சுத்துது. ரெண்டும் ஒரே சைஸ் இல்ல” என்றார். எனக்கு வேறு வழி இல்லை. ‘இரண்டு பெரிய உருளைகள், வெவ்வேறு அளவு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த ஆல்பத்தைச் செய்தவர் எழுதிய குறிப்பு வந்தது. மூடிப்போன ஒரு காகித ஆலையில் மிச்சமிருந்த இரண்டு உருளைகளை ஒருநாள் ஓட்டச் சொல்லிப் பதிவு பண்ணினாராம். எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. லட்சுமியைத் தேடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. “சின்ன உருளையில பேரிங் போயிருக்குன்னு அன்னைக்கே சொல்ல நெனச்சேன். நீங்க பாட்டுன்னு சொன்னீங்க, அதான் பேசாம இருந்துட்டேன்” என்றார்.

பெண்குரல்

ஒரு ஆல்பம் முழுக்கப் பத்துப் பாட்டுக்கும் ‘பெண்குரல்’ என்று போட்டேன். பட்டுப்போல ஒரு குரல். அதில் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை. பாடியவரே கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். அவர் ஆண். ஐம்பது வயது, மீசை வைத்த போட்டோவும் கூட இணைத்திருந்தார்.

மன்னிப்புக் கடிதம் நானே எழுத வேண்டும் என்று ஷீலா மேடம் சொல்லிவிட்டார். கல்யாண ஆல்பம் காலத்தில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு இன்னொரு வீட்டு மாப்பிள்ளையை ஒட்டியபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதி, அதை இங்கிலீஷில் ஆக்கி, அங்கிருந்து அவர் பாஷைக்கு மாற்றி அனுப்பினோம். மறுநாளே பதில் வந்தது. கம்ப்யூட்டர் மொழிபெயர்த்துக் கொடுத்தது இது: “வருத்தப்பட வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் என் மனைவி போன் செய்தாள். எடுத்தது நான். என் அம்மா என்று நினைத்து என்னைப் பற்றியே அரை மணி நேரம் புகார் சொன்னாள்.”

பந்திப் பாட்டு

சேத்தூரில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ‘இவ பாட்டுக் கம்பெனியில இருக்கா’ என்று யாரோ சொல்லிவிட, மைக்செட்காரர் எழுந்து நின்று தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் என்னைவிட அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிகம் பாட்டு தெரியும். இரண்டு வருஷமாகத் தமிழ்ப் பாட்டை நான் காது கொடுத்தே கேட்டதில்லை. அதைச் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. அந்த வாரம் கேட்டதில் மனசுக்கு இதமாக இருந்த ஒரு ஆல்பத்தைப் போட்டேன். மெதுவாக, தண்ணீர் ஓடுவதுபோல ஒரு குழல், கூடவே நாலு பெண்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் அடங்கியது. வாரிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, கண்ணை மூடிக் குடித்தார். என் தொழிலின் மகிமையை முதல்முறையாக நேரில் பார்ப்பதாக நினைத்துப் பூரித்துப்போயிருந்தேன். மைக்செட்காரர் குனிந்து என் காதருகே சொன்னார்: “பாட்டு நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா பந்தியில உக்காந்தவுக எந்திரிக்க மாட்டேங்காக, அடுத்த பந்தி வாசல்ல நிக்குது.”

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ஃபார்மில் மொழி என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்றும் போடலாம். ஆனால் எனக்கு அப்படிப் போட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒருமுறை ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு ஆல்பம் வந்தது. கை தட்டிக்கொண்டு ஒரு அம்மாள் பாடுகிறாள், பின்னால் பத்துப் பேர் பதில் சொல்கிறார்கள். நாடு தெரிந்தது, பாஷை தெரியவில்லை. கிருஷ்ணன்கோவில் காலேஜில் அந்தப் பக்கத்து மாணவர்கள் படிக்கிறார்கள் என்பது நினைவு வந்தது. சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் ஒரு நெடிய இளைஞரைப் பார்த்திருக்கிறேன். இன்ஜினியரிங் கடைசி வருஷம். டேனியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தோரு வயதுப் பொம்பளை, ஏட்டய்யா பெண்டாட்டி, ஒரு வெளிநாட்டுப் பையனிடம் போய் ‘இதைக் காதில் மாட்டு’ என்று இயர்போனை நீட்டினால் பஸ் ஸ்டாண்ட் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பேக்கரிக்காரர் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். டேனியல் மட்டும் ஒன்றும் கேட்காமல் மாட்டிக்கொண்டார். தோள் அசைந்தது. கால் தட்டியது. பாட்டு முடிந்ததா என்று நான் பார்த்தால், “செத்த நேரம் இருங்கக்கா” என்று கையைக் காட்டிவிட்டு அடுத்ததையும் கேட்டார். ஹாஸ்டல் மெஸ்ஸில் கற்ற தமிழ். நாலு பாட்டு கேட்ட பிறகு கழற்றி, ஒரு பில்லின் பின்பக்கத்தில் மொழியின் பெயரை எழுதிக் கொடுத்தார். உங்கள் பாஷையா என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எங்க பாஷை இல்லக்கா. ஆத்துக்கு அந்தப் பக்கம் உள்ளவங்க பாஷை. எங்க அப்பா காலத்துல இருந்து அவங்களோட பேச்சு இல்ல. எங்க அம்மாகிட்ட சொல்லிறாதீங்க, பாட்டு நல்லா இருக்கு.”

அண்ணாச்சி கேட்ட பாட்டு

முருகேசன் அண்ணாச்சிக்குத் தேவதானம் சொந்த ஊர். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, பைக்கில் வந்து எங்களோடு உட்காருவார். எந்தத் தாளத்தையும் மேஜையில் விரலால் தட்டிக் கண்டுபிடித்துவிடுவார். ஒருநாள் மத்தியானம் இரண்டாவது ஆல்பம் கேட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு மாடிப்படிக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரிலிருந்து ஏதாவது போன் வந்திருக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்து, “தங்கச்சி, இந்தப் பாட்டை நான் முன்னாலயே கேட்டிருக்கேன்” என்றார்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இமயமலைப் பக்கம் ஒரு உச்சியில் இருந்தாராம். பனியில் பாதை அடைபட்டு, ஒரு கிராமத்து வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தின நாள்தான் மண் சரிந்து கூட இருந்த ஒருவர் இறந்திருந்தார். சேத்தூர்க்காரர். இவரும் அவரும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். அன்று சாயங்காலம் அந்த வீட்டுப் பெண்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து இந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். “அவனுக்காகத்தான் பாடுதாகன்னு நெனச்சேன். தெரியாத ஊர்ல, யாருன்னே தெரியாதவனுக்கு இவிய பாடுதாகளேன்னு அன்னைக்குத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு” என்றார். அன்றிலிருந்து வயலில் மடை திருப்பும்போதெல்லாம் அந்த மெட்டுத்தான் வாயில் வருமாம். என்ன பாட்டு என்று அவர் மனைவி கேட்டபோதுகூடச் சொன்னதில்லை.

அர்த்தம் தெரிந்தே ஆக வேண்டும் என்று எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவர் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். ஷீலா மேடம் விசாரித்து, அந்த மலைப் பக்கத்தில் எங்களைப்போல வேலை பார்க்கும் ஒரு பெண்ணை வீடியோவில் பிடித்துக் கொடுத்தார். அண்ணாச்சி இந்தியில் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் பாட்டைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லவே தயங்கினாள். அப்புறம் சொன்னாள். கல்யாண வீட்டில் பெண்ணின் முக்காட்டுத் துணியை ஒரு ஆட்டுக்குட்டி தின்றுவிட்டு ஓடுகிறது, ஊரே விரட்டுகிறது, பாட்டு அவ்வளவுதான். ‘அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்களா’ என்று கேட்டாள். அண்ணாச்சி யோசித்து, இரண்டு பேர் மடியில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். ‘அப்படியென்றால் பிள்ளைகள் பயந்துவிடாமல் இருக்கப் பாடியிருப்பார்கள்’ என்றாள்.  அண்ணாச்சிக்குத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மாமி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் தண்ணீர் இருந்தது. மனநிலை என்ற கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. என்ன போட என்று கேட்டேன். “பதினெட்டு வருசமா ஒரு ஆட்டுக்குட்டிக்கு அழுதிருக்கேன் தங்கச்சி. சந்தோஷம்னே போடுங்க. அவன் இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்” என்றார்.

காணாமல் போன வயலின்

போன வருஷம் ஒரு ஃபார்ம் திரும்பி வந்தது. ‘வயலின் விட்டுப்போயிருக்கிறது’ என்று குறிப்பு. ஆல்பத்தை மறுபடி முழுசாகக் கேட்டேன். வயலினே இல்லை. இவர்களுக்குத்தான் காது சரியில்லை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, வியர்வையைத் துடைக்க ஹெட்போனைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். அவசரத்தில் இடம் வலம் மாறிவிட்டது. வலது காதில் ஒரு வயலின் வாசித்துக்கொண்டிருந்தது. மறுபடி மாற்றி மாட்டினேன். வயலின் போய்விட்டது. நாலைந்து தடவை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சரியாக மாட்டினால் அது கேட்க வேண்டியது என் இடது காதில்.

யாரிடமும் சொல்லவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவள் காது போச்சு என்று யாரிடம் சொல்வது? ஒவ்வொரு ஆல்பத்தையும் இரண்டு தடவை, ஹெட்போனை மாற்றி மாட்டிக் கேட்க ஆரம்பித்தேன். ஆறு ஆல்பம் பன்னிரண்டு ஆனது. நான் கிளம்பும்போது லட்சுமி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். மூன்றாவது வாரம், நான் ஹெட்போனைக் கழற்றிவைத்திருந்த நேரம் பார்த்து, மாமி தன் நாற்காலியை இழுத்துப்போட்டு என் இடது பக்கமாக உட்கார்ந்தார். என்னவோ சொன்னார் போலிருக்கிறது. நான் திரும்பவில்லை. பிறகு தோளைத் தொட்டார். “மூணு தரம் கூப்பிட்டேன். நீ ஒரு மாசமா தலையைச் சாய்ச்சுண்டே இருக்கே, கழுத்துச் சுளுக்குன்னு நெனச்சேன்” என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்காரர் லீவு போட்டு ராஜபாளையத்திலேயே ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் வேலை பறிபோகிற பரீட்சை எழுதுகிறவள்போல, கேட்டதற்கும் அமுக்கினேன், கேட்டிருக்கக்கூடும் என்று தோன்றியதற்கும் அமுக்கினேன். டாக்டரம்மா கூண்டைத் திறந்து, “சத்தமே வராதப்பவும் அமுக்குறீங்க. பாஸ் பண்றதுக்கு இது இன்டர்வியூ இல்ல” என்றார். இரண்டாம் தடவை உண்மையாக அமுக்கினேன். இடது காதில் கீச்சென்ற சத்தங்களைக் கேட்கிற சக்தி கொஞ்சம் போய்விட்டது, திரும்பி வராது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஹெட்போன் கூடாது, சத்தம் குறைவாக வைக்க வேண்டும், மணிக்கொரு தடவை காதுக்கு ஓய்வு.

 திரும்புகிற பஸ்ஸில் வீட்டுக்காரர் என் வலது பக்கமாக மாறி உட்கார்ந்துகொண்டார். மறுநாள் ஷீலா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை நாள் மறைத்ததையும் சொன்னேன். வேலை போகும் என்றுதான் டிபன் பாக்ஸ்கூட எடுத்துப் போகவில்லை. அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். அந்த இரண்டு நாளும் நான் பாட்டே கேட்கவில்லை. வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் எந்தக் காதில் எப்படிக் கேட்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் முடிவு வந்தது. எனக்கு இனி மூன்று ஆல்பம், அதுவும் ஸ்பீக்கரில். மிச்ச நேரம் மற்றவர்கள் நிரப்பிய ஃபார்ம்களைச் சரிபார்க்க வேண்டும்.

ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. என் பாட்டு எல்லோர் காதிலும் விழுமே, அவர்கள் வேலை கெடுமே என்று வாசலோரமாக நகர்த்தப் போனேன். மாமி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: “அங்கேயே இருக்கட்டும். இத்தனை நாளா ஒரே ரூம்ல உக்காந்துண்டு ஆளுக்கொரு தேசத்துல இருந்தோம். இனிமே உன் தேசத்துக்காவது நாங்களும் வரலாம்.”

ஆக, மூன்று ஆல்பமும் ஒன்றரைக் காதுமாக என் தொழில் நடந்துகொண்டிருக்கிறது, எங்கேயாவது என்னைப் பார்த்துக் கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால் கர்வம் பிடித்தவள் என்று நினைத்துவிடாமல் வலது பக்கமாக வந்து இன்னொரு தரம் கூப்பிடுங்கள்.